பிரேக் பிடிக்காமல் போவது மலை உச்சியிலேயே தொடங்குகிறது

கொழும்பு பஞ்சிகாவத்தையில் வாகன உதிரிப்பாகக் கடைகள் தோளோடு தோள் உரசி நிற்கும் சந்து ஒன்றில், ஏப்ரல் விடுமுறை முடிந்த வாரத்தில், கழற்றிப் போட்ட பிரேக் டிரம் ஒன்றைப் பார்த்தேன். வார்ப்பிரும்பில் செய்த பெரிய சட்டி போன்றது அது. உட்புறம் வெள்ளி நிறத்தில் மினுங்க வேண்டும். அதில் ஆங்காங்கே நீலத் திட்டுகள். அவற்றின் நடுவே வற்றிய குளத்துச் சேறு போல மெல்லிய வெடிப்புகள். பக்கத்தில் கிடந்த பிரேக் ஷூவின் லைனர், அதாவது டிரம்மில் உரசி வண்டியைப் பிடிக்கும் மேற்பூச்சு, அம்மிக்கல்லைப் போலச் சொரசொரப்பாக இருந்திருக்க வேண்டும். அது கண்ணாடி போல வழுவழுத்தது. நகத்தால் கீறினேன், கீறல் விழவில்லை. சுற்றுலாவுக்கு வாடகைக்கு ஓடும் நடுத்தர பஸ் ஒன்றின் பின்சில்லிலிருந்து வந்தவை அவை. "லைனர் போட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை, மட்டமான சாமானைத் தந்துவிட்டீர்கள்" என்று அதன் சாரதி கடைக்காரரோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார். கராஜ் பாஸ் டிரம்மை வெளிச்சத்தில் ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு, "றம்பொடைப் பக்கமாகவா இறங்கினீர்கள்?" என்று மட்டும் கேட்டார். நுவரெலியாவிலிருந்து இறங்கும் மலைவீதி அது. சாரதி பேச்சை நிறுத்திவிட்டார்.

அந்த நீலம் ஒரு வெப்பமானி. இரும்பு ஏறக்குறைய 300 பாகை செல்சியஸை எட்டும்போது அதன் மேற்பரப்பு அப்படி நிறம் மாறும். அதாவது அந்த பஸ் பத்திரமாகக் கொழும்புக்குத் திரும்பியிருந்தாலும், வழியில் எங்கோ ஒரு வளைவில் அதன் பிரேக் ஏறத்தாழக் கைவிட்ட நிலையில் இருந்திருக்கிறது. உள்ளே பாட்டுப் போட்டுக் கைதட்டிக்கொண்டு வந்தவர்களுக்கு அது தெரிந்திருக்காது.

மலைவீதி விபத்துச் செய்திகளில் "பிரேக் செயலிழந்ததால்" என்ற சொற்றொடர் அச்சுக்கோத்து வைத்ததுபோல வந்து விழுகிறது. ஏதோ ஒரு குழாய் வெடித்தது, ஒரு கம்பி அறுந்தது, விதி வந்தது என்ற எண்ணத்தை அது நமக்குள் உண்டாக்கிவிடுகிறது. அப்படியும் நடப்பதுண்டு. ஆனால் கனமான வாகனம் ஒன்று நீண்ட இறக்கத்தில் பிரேக்கை இழப்பது பெரும்பாலும் திடீர் நிகழ்வல்ல. அது பத்துக் கிலோமீற்றருக்கு மேலேயே, சாரதி எந்தக் கியரில் இறங்கத் தொடங்கினார் என்பதில் முடிவாகிவிடுகிறது. வளைவில் நாம் காண்பது அந்த முடிவு நிறைவேறுவதை மட்டும்தான்.

கொழும்பில் வாகனம் ஓட்டப் பழகியவர்களுக்கு இது எளிதில் பிடிபடாது. காலி வீதியில் வெள்ளவத்தையிலிருந்து கோட்டை வரை போகிறவர் நூறு தடவை பிரேக் போடுவார். ஒவ்வொரு தடவையும் சில விநாடிகள்தான். நடுவில் டிரம் ஆறிவிடுகிறது. இங்கே பிரேக் என்பது நிறுத்துவதற்கான கருவி. மலையில் இறங்கும்போதோ, கீழே இழுத்துக்கொண்டே இருக்கும் பாரத்தை மணிக்கணக்காகத் தாங்கிப் பிடிக்கும் வேலையை அதே கருவியிடம் கொடுக்கிறோம். அது அதற்காகச் செய்யப்பட்டதல்ல.

ஒரு சிறு கணக்கு. நுவரெலியா நகரம் கடல்மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. புஸ்ஸல்லாவ வழியாகக் கம்பளைக்கு இறங்கும்போது 1000 மீற்றருக்கும் மேலான உயரத்தை இழக்கிறோம். 10 தொன் எடையுள்ள பஸ் ஒன்று 1000 மீற்றர் இறங்கினால் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 98 மெகாஜூல். மழைக்காலக் குழாய்நீரைப் போன்ற 25 பாகைத் தண்ணீரில் 300 லீற்றரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். கோயில் அன்னதானத்துக்குக் கிடாரங்களில் ஏற்றும் உலைநீர் அளவு. டயர்களின் உராய்வும் காற்றும் இதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மீதி எங்காவது வெப்பமாகப் போய்ச் சேர்ந்தே ஆக வேண்டும். அதே பஸ் 40 கிலோமீற்றர் வேகத்தில் சமதரையில் ஓடும்போது ஒரு தரம் நிறுத்தினால் பிரேக் விழுங்குவது 0.6 மெகாஜூலுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். ஆக, அந்த ஒரே இறக்கம் ஏறக்குறைய 160 தடவை முழுதாக நிறுத்துவதற்குச் சமம். அதை ஒன்றரை மணி நேரத்துக்குள் செய்ய வேண்டும்.

வேகத்தைக் குறைத்தால் இந்த மொத்தத் தொகை குறையாது. இறங்கும் உயரம் அதேதான். ஆனால் பாதி வேகத்தில் இறங்கினால் அதே வெப்பத்தை வெளியேற்ற இரண்டு மடங்கு நேரம் கிடைக்கிறது. மலையில் மெதுவாகப் போ என்று பெரியவர்கள் சொல்வதன் பௌதிகம் இதுதான்.

வெப்பம் தேங்கிவிட்டால் என்ன ஆகும்? டிரம் பிரேக்கில் ஷூ உள்ளிருந்து வெளிநோக்கி விரிந்து டிரம்மில் உரசுகிறது. சூடேறிய டிரம் விரிவடைந்து ஷூவை விட்டு விலகிப் போகிறது. ஆகவே பெடல் முன்னைவிட ஆழமாகப் போக வேண்டியிருக்கிறது. இதுவே முதல் அறிகுறி. அடுத்து லைனரில் உள்ள பிசின் வகைப் பொருட்கள் கருகி வாயுவாகி, மேற்பரப்பைப் பளிங்காக்கிவிடுகின்றன. நான் நகத்தால் கீற முடியாமல் போனது அதைத்தான். சாரதியின் கால் முழு பலத்தோடு அழுத்தும், வண்டி மட்டும் கேட்காது. எரிந்த ரப்பரையும் பழைய தலைமுடியையும் சேர்த்துக் கொளுத்தியதுபோல ஒரு நாற்றம் அப்போது வண்டிக்குள் வரும். பயணிகள் பெரும்பாலும் அதைக் குப்பை எரிக்கும் நாற்றம் என்று நினைத்து யன்னலை மூடிக்கொள்கிறார்கள்.

சிறிய பஸ்களிலும் வேன்களிலும் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் பிரேக் இருப்பதால் இன்னொரு ஆபத்தும் சேர்ந்துகொள்கிறது. பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது. டொட் 3 வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரவிதி. ஈரம் ஏறிய பின் அந்த எல்லை 140 பாகைக்கு இறங்கிவிடலாம். கடற்காற்றுக்கும் புழுக்கத்துக்கும் பேர்போன கொழும்பில் இரண்டு மூன்று வருடம் மாற்றாத எண்ணெயோடு மலையேறும் வண்டி, அந்தக் கீழ் எல்லையோடுதான் போகிறது. எண்ணெய் கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழ்கள் உண்டாகும். ஆவியை அமுக்கலாம், அதன் மூலம் விசையைக் கடத்த முடியாது. பெடல் பஞ்சு போலத் தரையோடு போய் ஒட்டிக்கொள்ளும். அரை மணி நேரம் கழித்து, எண்ணெய் ஆறிய பின், மெக்கானிக் வந்து மிதித்துப் பார்த்தால் பிரேக் நன்றாக வேலை செய்யும். விபத்துக்குப் பின்னான விவாதங்களில் சாரதியின் பேச்சு எடுபடாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பெரிய பஸ்களில் காற்றழுத்தத்தால் இயங்கும் எயார் பிரேக்கில் கொதிக்க எண்ணெய் இல்லை. ஆனால் பயந்துபோன சாரதி பெடலைத் திரும்பத் திரும்பக் குத்தினால், கம்பிரசர் நிரப்புவதைவிட வேகமாகத் தாங்கியிலுள்ள காற்று தீர்ந்துவிடும்.

சரி, கால் செய்யக் கூடாத வேலையை எது செய்வது? எஞ்சின்தான். கியரில் இருக்கும் வண்டி இறங்கும்போது சில்லுகள் எஞ்சினைச் சுழற்றுகின்றன. எஞ்சின் அதை எதிர்க்கிறது. கியர் தாழ்ந்ததாக இருந்தால் எஞ்சின் கூடுதல் சுற்றுச் சுழன்று கூடுதலாக எதிர்க்கும். அந்த வெப்பம் ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் போய்விடும். பிரேக் குளிர்ந்தே இருக்கும். பெற்றோல் எஞ்சினோடு ஒப்பிட்டால் டீசல் எஞ்சினுக்கு இந்த எதிர்ப்பு இயல்பாகவே குறைவு. காற்று நுழையும் வழியை அடைத்து மூச்சுத் திணற வைக்கும் கதவு அதில் வழக்கமாக இல்லை. அந்தக் குறையை ஈடுசெய்யத்தான் லொறிகளிலும் பஸ்களிலும் எக்ஸோஸ்ட் பிரேக் வைக்கிறார்கள். புகை வெளியேறும் குழாயை ஒரு தகடு அடைத்து எஞ்சினைத் தன் மூச்சுக்கு எதிராகவே தள்ள வைக்கும் ஏற்பாடு அது. ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் ஒரு சிறு நெம்பு. பல வாடகை வண்டிகளில் அது பழுதாகிக் கிடப்பதையும், சமதரையில் தேவைப்படாததால் யாரும் திருத்தாததையும் கண்டிருக்கிறேன்.

இன்னும் வலுவான ஒரு வகை எஞ்சின் பிரேக்கின் பிறப்பே ஒரு மலை இறக்கத்தில்தான். டீசல் எஞ்சின் முன்னோடியான கிளெஸ்ஸி கம்மின்ஸ் 1931இல் அமெரிக்காவின் குறுக்கே தன் டீசல் லொறியை ஓட்டிச் சென்றபோது, கலிபோர்னியாவின் கஹோன் கணவாயில் பிரேக் தீய்ந்துபோனது. கீழே ரயில் கடவையில் சரக்கு ரயில் ஒன்று குறுக்கே போய்க்கொண்டிருந்தது, மயிரிழையில் தப்பினார்கள். எஞ்சினையே காற்று அமுக்கியாக மாற்றி வண்டியைப் பிடித்து நிறுத்தும் அவருடைய வடிவமைப்பு 1961இல் விற்பனைக்கு வந்தது. ஓர் இறக்கத்தில் கண்ட பயம் 30 வருடம் ஒரு மனிதரின் தலைக்குள் சுழன்றிருக்கிறது.

இத்தனை இருந்தும் எங்கள் வீதிகளில் நடப்பது நேர் எதிர். டீசல் மிச்சம் பிடிக்கிறோம் என்று கியரை நியூட்ரலில் போட்டு வண்டியை உருள விடும் பழக்கம் இன்னும் சாகவில்லை. அது மிச்சமும் அல்ல. கியரில் இருந்துகொண்டு காலை எடுத்தால் இன்றைய டீசல் எஞ்சின் எரிபொருளை முற்றாக நிறுத்திவிடும். சில்லுகளே அதைச் சுழற்றும். நியூட்ரலில்தான் எஞ்சின் தன் உயிரைப் பிடித்துக்கொள்ள டீசல் குடிக்கிறது. பிடிமானத்தைத் துறந்து, அதற்குக் காசும் கட்டுகிறோம்.

இரண்டாம் கியரில் இறங்கினால் எஞ்சின் உரக்கக் கத்தும். பயணிகள் வண்டி பழுது என்று முணுமுணுப்பார்கள். இளம் சாரதிக்கு அது மானப் பிரச்சினையாகி, கியரை உயர்த்திவிடுவார். பாதி இறக்கத்தில் வேகம் கூடிய பின் தாழ்ந்த கியருக்குத் திரும்ப நினைத்தால் அது விழாது. கிளச்சை மிதித்துக் கியரையும் இழந்து நியூட்ரலில் அகப்படுவார். ஏறிய கியரிலேயே இறங்கு என்ற பழைய பாடம் மோசமில்லை. சிறிய எஞ்சினும் நிறைந்த ஆட்களும் என்றால் ஒரு கியர் கீழே வைத்துக்கொள்வது நல்லது. எதுவானாலும் அதை இறக்கம் தொடங்குமுன் போட வேண்டும். இடையில் பிரேக் தேவைப்பட்டால், காலைப் பெடலில் ஊன்றியபடியே இறங்காமல், உறுதியாக ஒருமுறை அழுத்தி வேகத்தை எட்டுப் பத்துக் கிலோமீற்றர் குறைத்துவிட்டு முழுதாக விட்டுவிட வேண்டும். மீண்டும் கூடியதும் மறுபடி. இடைவெளியில்தான் டிரம் மூச்சு விடுகிறது.

கனடாவில் இருக்கும் அத்தான் சென்ற முறை வந்தபோது நாங்கள் குடும்பத்தோடு பஸ் பிடித்து நுவரெலியாவுக்குப் பக்கத்தில் இருக்கும் சீதாஎலியவுக்குப் போனோம். திரும்பும் வழியில் அவர் வெளியே பார்த்துக்கொண்டே வந்து, "தம்பி, இவ்வளவு தூரத்தில் ஒரு பலகைகூடச் சரிவு எத்தனை என்று சொல்லவில்லையே" என்றார். அவர் வன்கூவரிலிருந்து கொக்விஹாலா நெடுஞ்சாலையில் 31 அடி மோட்டார்ஹோம் ஒன்றை ஓட்டியவர். சமையலறை, கட்டில், கழிவறை, தண்ணீர்த் தாங்கி எல்லாம் உள்ளே கொண்ட வண்டி. அந்த வீதியில் கொக்விஹாலா உச்சி எனப்படும் இடம் 1244 மீற்றர், நுவரெலியாவைவிடத் தாழ்வு. ஆனால் உச்சியிலிருந்து இறங்குமுன் சரிவு எத்தனை வீதம், எத்தனை கிலோமீற்றருக்கு என்று பலகை சொல்கிறது. லொறிகள் ஒதுங்கி நின்று பிரேக்கைச் சோதிக்கத் தனி இடம் இருக்கிறது. அதையும் மீறிப் போனால் ஓடிப் புதைந்து நிற்கச் சரளைக்கல் நிரப்பிய கிளைவழி இருக்கிறது. எங்களுக்குக் கிடைப்பது வளைந்த அம்புக்குறி ஒன்று. வளைவு கண்ணுக்குத் தெரிகிறது, அதைப் பலகை சொல்லத் தேவையில்லை. சரிவின் நீளம்தான் கண்ணுக்குத் தெரியாதது. மலைநாட்டு ரயில்பாதையைப் போட்டவர்கள் 44க்கு 1, அதாவது 44 மீற்றர் போனால் 1 மீற்றர் ஏறும் சரிவைத் தாண்டாமல் இருக்க எத்தனை சுரங்கம் குடைந்தார்கள், தெமோதரையில் பாதையையே சுருட்டி அதன் கீழால் விட்டார்கள். வீதிக்கு அந்தக் கண்டிப்பு இல்லை. கண்டி வீதி 1820களில் வண்டில்களுக்கும் படைகளுக்கும் போடப்பட்டது. மற்றவை பெரும்பாலும் தோட்டங்களைத் தேடிப் போனவை.

மோட்டார்ஹோம் பற்றி அத்தான் சொன்னதில் எனக்கு ஒன்று நன்றாகப் பதிந்தது. பஸ் சில வேளை வெறுமையாகப் போகும்; லொறி பாரத்தை இறக்கிவிட்டுத் திரும்பும். வீட்டைச் சுமக்கும் வண்டிக்கு இறக்கி வைக்கும் இடமே கிடையாது, அது எப்போதும் தன் எல்லைக்குக் கிட்டிய எடையோடுதான் மலையிறங்கும். ஓட்டுகிறவர் வருடத்தில் இரண்டு வாரம் ஓட்டும் கணக்காளராகவோ ஆசிரியராகவோ இருப்பார். இங்கேயும் பழைய பஸ்ஸையும் லொறியையும் கட்டிலும் அடுப்பும் வைத்து மாற்றி வாடகைக்கு விடத் தொடங்கியிருக்கிறார்கள். அதை எடுப்பவர் காரோட்டப் பழகிய கொழும்புவாசியாக இருந்தால் இந்தக் கட்டுரையின் முற்பாதி முழுதும் அவருக்குத்தான்.

நீளமான வண்டிக்கு வளைவில் வேறு ஒரு சிக்கலும் உண்டு. பின்சில்லுகள் முன்சில்லுகளின் தடத்தில் வராமல் உட்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். பின்சில்லுக்கு அப்பால் நீட்டிக்கொண்டிருக்கும் வால்பகுதியோ வெளிப்பக்கம் வீசும். கொண்டை ஊசி வளைவில் முன்புறத்தைப் பார்த்து ஓட்டுகிறவர், எதிரே ஒதுங்கி நிற்கும் முச்சக்கரவண்டியை வாலால் தட்டிவிடுவது இப்படித்தான். மஹியங்கனை வீதியின் 18 வளைவுகளை பஸ் சாரதிகள் எடுப்பதைப் பார்த்தால் புரியும்: முதலில் அகலமாக வெளியே போய், முனை தாண்டிய பின்பே வளைக்கிறார்கள். ஹோர்ன் அடித்துவிட்டு யன்னலைத் திறந்து பதில் ஹோர்னுக்குக் காது கொடுக்கிறார்கள். ஏறி வரும் வண்டிக்கு இறங்குகிறவர் வழிவிடுவது மலைநாட்டு மரியாதை. கொழும்பு இலக்கம் பூட்டிய சிலருக்கு அதுவும் தெரியாது.

2023 ஜனவரியில் நானுஓயா ரதல்லயில் பாடசாலைச் சுற்றுலா பஸ் ஒன்று வேனோடும் முச்சக்கரவண்டியோடும் மோதி 7 பேர் இறந்தார்கள். 2025 மே மாதம் றம்பொடை கெரண்டிஎல்லயில் பஸ் பள்ளத்தில் விழுந்து 20 பேருக்கு மேல். அதே வருடம் செப்டெம்பரில் எல்ல – வெல்லவாய வீதியில் 15 பேர். மூன்றுக்கும் ஒரே காரணம் என்று நான் சொல்லவில்லை. தூக்கமின்மை, அதிக ஆட்கள், பாதுகாப்பு வேலி என்று ஒவ்வொன்றையும் தனியாகத்தான் பார்க்க வேண்டும். ஆனால் வரைபடத்தில் மூன்று இடங்களையும் குறித்துப் பாருங்கள். உயரமான இடமொன்றிலிருந்து தாழ்வான இடமொன்றுக்குக் குறுகிய தூரத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும் வீதிகள் அவை. எல்லயிலிருந்து வெல்லவாயவுக்கு 30 கிலோமீற்றருக்கும் குறைவான தூரத்தில் 800 மீற்றர் அளவு இறங்குகிறோம். கைப்பேசியில் வழிகாட்டும் செயலி தூரத்தையும் நேரத்தையும் சொல்கிறது, இந்த எண்ணைக் கேட்காவிட்டால் சொல்வதில்லை. ரதல்ல போன்ற குறுக்குவழிகளை அது மகிழ்ச்சியோடு காட்டும்.

நாற்றம் வந்துவிட்டால், பெடல் ஆழமாகப் போகத் தொடங்கிவிட்டால், அடுத்த ஊர் வரை போய்ப் பார்ப்போம் என்பது பேச்சல்ல. முதல் அகன்ற ஓரத்தில் நிறுத்த வேண்டும். நின்ற பின் கைபிரேக்கை இறுக்கி விடுவதும் தவறு. கொதிக்கும் டிரம்மில் இறுகிய ஷூவோடு அது ஆறினால் டிரம் கோணிப்போகும். கியரில் போட்டு, சில்லுக்குக் கட்டை வைத்துவிட்டு, தேநீர் குடிக்கலாம். உதவியாளர்ப் பையன் ஓடையில் வாளி அள்ளிக்கொண்டு வந்து சில்லில் ஊற்ற வருவான். எல்லா மலைவீதியிலும் அவன் இருக்கிறான். ஊற்றியதும் உஸ் என்று ஆவி எழும்பும், பார்ப்பதற்குத் திருப்தியாக இருக்கும். சூடான வார்ப்பிரும்பு குளிர்நீரில் வெடிக்கும் என்பது அடுத்த பயணத்தில்தான் தெரியவரும். குறைந்தது அரை மணி நேரம், கை வைக்கக் கிட்டப் போனால் அனல் அடிக்காத வரைக்கும், காற்றுக்கே விட்டுவிட வேண்டும்.

சீதாஎலியவிலிருந்து இறங்கிய அன்று நாங்களும் றம்பொடைக்கு மேலே அப்படி நின்றோம். எங்கள் சாரதி மரக்கட்டை கொண்டு வரவில்லை. வீதியோரத்தில் கிடந்த கல்லை உருட்டிச் சில்லுக்குக் கொடுத்தார். தேநீர் முடிந்து எல்லோரும் ஏறி, வண்டி அசைந்ததும் அத்தான் "நிறுத்துங்கள்" என்று சத்தம் போட்டார். இறங்கிப் போய் அந்தக் கல்லைக் காலால் தள்ளி மண்மேட்டோடு சேர்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அதற்குச் சற்றுக் கீழே, வளைவு திரும்பும் இடத்தில், வேறு யாரோ விட்டுப்போன கல் ஒன்று தாரின் நடுவிலேயே கிடந்தது. எங்கள் சாரதி அதைச் சுற்றிக்கொண்டு போனார்.